குளிரில் ஸ்டீல்ஹெட் கடிக்கவே இல்லையா? ஃப்ளையை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள்

வணக்கம். தண்ணீர் 3 டிகிரி செல்சியஸ், மடுவில் ஸ்டீல்ஹெட் (கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரௌட் வகை மீன்) நிற்பது தெரிகிறது, விடிந்ததிலிருந்து ஃப்ளையை (தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கை இரை) மாற்றி மாற்றி வீசியும் ஒன்றும் கடிக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு ஃப்ளையின் மேல் சந்தேகமில்லை, அது போகும் வேகத்தின் மேல்தான்.

இந்தக் குளிரில் மீனின் உடம்பே மந்தமாகிவிடும். தள்ளிப் போகும் இரையைப் பெரும்பாலும் துரத்தாது. மூக்குக்கு நேரே, மெதுவாக வர வேண்டும். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும். அதனால் உங்கள் இண்டிகேட்டர் (நூலில் கட்டிய மிதவை) பக்கத்து நுரையோடு சேர்ந்தே போனால், கீழே நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை) இழுபடுகிறது என்று அர்த்தம். நுரை அதை முந்திப் போக வேண்டும். அதுவரை ஸ்ப்ளிட் ஷாட்டை (நூலில் பொருத்தும் சிறு எடைக்குண்டு) ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். அவ்வப்போது கல்லில் தட்டினால் ஆழம் சரி. கடியும் பெரிய இழுப்பாக இருக்காது. இண்டிகேட்டர் ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான். தயங்கினாலே தூண்டில் கோலைத் தூக்குங்கள்.

விடியற்காலையில் போய் நடுங்க வேண்டாம். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை போதும். தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே மீனிடம் அசைவு தெரியும். ஸ்டீல்ஹெட்டுக்கு முட்டை வடிவ ஃப்ளை, மற்ற ட்ரௌட் மீனுக்கு 20, 22 எண் மிட்ஜ் (மிகச் சின்ன முள்ளில் கட்டிய குட்டிப் பூச்சி வடிவ ஃப்ளை).

கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்தால் உடைக்காதீர்கள், வளையம் வளைந்துவிடும். கோலைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கிப் பிடியுங்கள், கரைந்துவிடும்.

அப்புறம், மீன் மாட்டினால் படத்துக்காக வெளியே தூக்கிப் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. உறைநிலைக்குக் கீழான காற்றில் செவுள் சீக்கிரமே உறைந்துவிடும். தண்ணீரில் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றி விடுங்கள்.