வாசகர் கேள்வி பதில்: போர்முலா வன்னில் புள்ளியே இல்லை, டி.டி.எம்.மில் ஐந்து தடவை சம்பியன்

கேள்வி: ஸ்ருட்கார்ட்டில் குடியிருக்கும் எனது மைத்துனர் விடுமுறையில் வந்து நின்றபோது, கார்ப் பந்தயத்தில் ஜேர்மனி கண்ட பெரும் சாரதிகளில் பேர்ண்ட் ஷ்னைடரும் ஒருவர் என்று அடித்துச் சொன்னார். தேடிப் பார்த்தால், போர்முலா வன்னில் அவர் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. மைத்துனர் மிகைப்படுத்துகிறாரா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. கார்ப் பந்தயம் என்றாலே போர்முலா வன் என்று நாம் பழகிவிட்டதால்தான் இந்தச் சந்தேகம் எழுகிறது. ஜேர்மனியில் டூரிங் கார்ப் பந்தயத்துக்கு, அதாவது வீதியில் ஓடும் கார்களின் தோற்றத்தைக் கொண்ட, கூரையும் கதவும் உள்ள பந்தயக் கார்களின் போட்டிக்கு, தனியானதொரு மரபும் தனியான இரசிகர் கூட்டமும் உண்டு. அந்நாட்டின் டூரிங் கார் சம்பியன்ஷிப்பான டி.டி.எம். போட்டித்தொடரில் ஷ்னைடர் 1995, 2000, 2001, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் சம்பியன் பட்டம் வென்றார். ஐந்து பட்டங்களை வேறெவரும் வென்றதில்லை.

அவர் 1964 ஜூலை 20ஆம் திகதி, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சார்லாந்து மாநிலத்தின் சாங்க்ட் இங்பேர்ட் நகரில் பிறந்தவர். சிறுவயதில் கார்ட் வண்டிகளில் தொடங்கி, போர்முலா த்ரீக்கு வந்து, 1987இல் அதன் ஜேர்மன் சம்பியனானார். போர்முலா வன்னில் எதிர்காலம் இல்லை என்று ஆனபின் 1990, 1991 காலப்பகுதியில் போர்ஷே 962 வகை ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டினார். 1992இல் மெர்சிடிஸ் பென்ஸின் ஏ.எம்.ஜி. அணியில் சேர்ந்து, 190 ஈ காரில் டி.டி.எம். போட்டிகளில் தொடர்ந்து ஓடத் தொடங்கினார். அந்த வருடம் கிளவுஸ் லுட்விக் சம்பியன், இவர் மூன்றாமிடம். பின்னர் 2008 முடியும்வரை, இடையில் அந்தத் தொடர் நடைபெறாதிருந்த வருடங்கள் நீங்கலாக, டி.டி.எம். என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயராக அவருடையதே இருந்தது. அத்தொடரில் அவர் வென்ற பந்தயங்கள் 43.

1995ஆம் ஆண்டை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். மெர்சிடிஸ், அல்ஃபா ரோமியோ, ஓப்பல் ஆகிய மூன்று நிறுவனங்களும் பணத்தைத் தண்ணீராய் இறைத்து மோதிய காலம் அது. 2.5 லீற்றர் எஞ்சினும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் கொண்ட அக்கார்கள், பெயருக்குத்தான் வீதிக் கார்களின் உறவினர்கள். அந்த வருடம் ஜேர்மன் தொடரின் பட்டத்தையும், அதனோடு சேர்த்து நடத்தப்பட்ட சர்வதேசத் தொடரின் பட்டத்தையும் ஷ்னைடரே எடுத்துக்கொண்டார். அடுத்த வருடத்தோடு, செலவைத் தாங்க முடியாமல் அல்ஃபாவும் ஓப்பலும் விலகிக்கொள்ள, தொடர் நின்றுபோயிற்று. 2000இல் 4 லீற்றர் வி-8 எஞ்சினும், எல்லா அணிகளுக்கும் பொதுவான பல உதிரிப்பாகங்களும் கொண்ட மலிவான விதிமுறையோடு டி.டி.எம். மீண்டும் தொடங்கியபோது, முதல் இரண்டு பட்டங்களும் அவருக்கே போயின.

கேள்வி: அப்படியானால் போர்முலா வன்னில் அவர் தோற்றது ஏன்? கோளாறு காரிலா, ஆளிலா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பெரும்பாலும் காரில். 1988 முதல் 1990 வரை 34 கிராண்ட் பிறீகளுக்கு அவருடைய பெயர் கொடுக்கப்பட்டிருந்தும், அவற்றில் ஒன்பதில் மட்டுமே அவரால் பந்தயத்தில் இறங்க முடிந்தது. ஆகக்கூடிய பெறுபேறு 12ஆம் இடம். இந்த எண்களை மட்டும் வைத்து அவரை எடைபோடுவோர், அந்தக் காலத்துத் தகுதிகாண் முறையை அறியாதவர்களாகவே இருப்பர்.

1989இல் 39 கார்கள் பெயர் கொடுத்திருந்தன. பந்தயத்தில் ஓட இடம் 26 கார்களுக்கு மட்டுமே. எனவே, முந்தைய பெறுபேறுகள் மோசமாயிருந்த அணிகளும் புதிய அணிகளுமாகப் பதின்மூன்று கார்கள், வெள்ளிக்கிழமை காலை 8 மணி முதல் 9 மணி வரை தமக்குள்ளேயே ஒரு முன்தகுதிச் சுற்றை ஓட வேண்டியிருந்தது. அதில் வேகமான நான்கு கார்களுக்குத்தான் உண்மையான தகுதிகாண் சுற்றில் இறங்கவே அனுமதி. மற்ற ஒன்பது கார்களையும், பார்வையாளர் வந்து சேர்ந்து காலைச் சாப்பாட்டை முடிக்குமுன்னரே, மெக்கானிக்குகள் லொறியில் ஏற்றிக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பிரேக்கில் சிறு பழுது, எஞ்சினில் ஒரு தடுமாற்றம், வளைவில் மெதுவாகப் போகும் ஒருவர் குறுக்கே வந்துவிடுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தாலும் அந்த வார இறுதி அதோடு முடிந்தது.

ஷ்னைடர் ஓட்டிய ஸக்ஸ்பீட் கார் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும் வலு இல்லாதது. யமஹா தந்த புதிய வி-8 எஞ்சின் வலுவிலும் நம்பகத்தன்மையிலும் பின்தங்கியிருந்தது. அவ்வருடத்தின் 16 பந்தயங்களில் பிரேசிலிலும் ஜப்பானிலும் மட்டும் அவர் இறங்கினார். அதே அணியில் அவரோடு ஓட்டிய ஜப்பானியரான அகுரி சுசுகி, 16 தடவையும் முன்தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். இதே சுசுகி, அடுத்த வருடம் லரூஸ் அணியின் லோலா காரில் ஏறி, ஜப்பானிய கிராண்ட் பிறீயில் மூன்றாமிடம் பெற்று மேடையேறினார். பதினாறு தடவை தோற்றவர் ஒரே வருடத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாரா, அல்லது கார் மாறியதா என்பதை வாசகர்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990இல் ஆரோஸ் அணியில் அலெக்ஸ் கஃபிக்குப் பதிலாக இரண்டு வாய்ப்புகள் கிடைத்தபோது, பீனிக்ஸ் நகரில் 12ஆம் இடத்தில் முடித்த ஷ்னைடர், ஸ்பெயினில் தகுதி பெறவில்லை. வேறொருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத காரில் அமர்ந்தவர் என்ற சலுகையைக் கொடுத்தாலும், அணி முதலாளிகள் தேடி வந்து கையெழுத்து வாங்கும்படியான எதையும் அவர் அங்கே காட்டிவிடவில்லை.

கேள்வி: 2008ஆம் ஆண்டின் டி.டி.எம். பட்டமும் அவருடையது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். சரியா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தவறு. 2008இலும் 2009இலும் பட்டம் வென்றவர் ஔடி அணியின் டிமோ ஷைடர். ஷ்னைடர் ஓய்வு பெற்ற வருடம்தான் ஷைடரின் முதல் பட்டம் வந்தது. இதனால் இந்தக் குழப்பம் உங்கள் நண்பருக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

கேள்வி: போர்முலா வன் ஓட்டத் தெரிந்த ஒருவர் டூரிங் காரில் எளிதாக வென்றுவிட மாட்டாரா? தனித் திறமை என்று அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், மருதானை

பதில்: வந்தவர்களின் கதையைப் பார்த்தால் விடை தெரியும். இரண்டு தடவை உலக சம்பியனான மிக்கா ஹக்கினென் 2005 முதல் 2007 வரை டி.டி.எம். ஓட்டி மூன்று பந்தயங்களை வென்றார், பட்டம் இல்லை. ஷோன் அலெசி நான்கு வெற்றிகளோடு திரும்பினார். போர்முலா வன்னில் ஆறு பந்தயங்களை வென்ற ரால்ஃப் ஷூமாக்கரும், பதின்மூன்றை வென்ற டேவிட் கூல்தார்டும், டி.டி.எம்.மில் ஒன்றைக்கூட வெல்லாமலேயே ஒதுங்கினார்கள்.

காரணம் எடையில் தொடங்குகிறது. அக்காலத்துப் போர்முலா வன் கார் சாரதியையும் சேர்த்து ஏறத்தாழ 600 கிலோ, டி.டி.எம். கார் ஆயிரம் கிலோவுக்கு மேல். கனமான காரை அதே துணிச்சலோடு வளைவுக்குள் திணித்தால், முன் டயர்கள் சூடேறி வழுக்கத் தொடங்கும், பத்துச் சுற்றுகளுக்குப் பின் அவற்றால் பயனில்லை. பிரேக்கை மிதிப்பதில் அல்ல, அதிலிருந்து காலை எடுக்கும் விதத்தில்தான் டூரிங் கார் சாரதியின் கைவரிசை இருக்கிறது. மெல்ல மெல்லக் காலைத் தளர்த்தி, காரின் பாரம் முன்னிருந்து பின்னுக்குச் சாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, அச்சாய்வு முடியும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும்.

அடுத்தது, இடிபடுதல். போர்முலா வன்னில் சில்லோடு சில்லு பட்டால் பந்தயமே முடிந்துபோகலாம். இங்கேயோ கதவோடு கதவு உரசுவது அன்றாடம். கொழும்பின் காலி வீதியில் இரண்டு தனியார் பஸ்கள் ஒரே தரிப்பிடத்தை நோக்கி விரைவதைப் பார்த்தவர்களுக்கு, நியூரம்பேர்க் நகரின் நோரிஸ்ரிங் வீதிப் பாதையில் முதலாவது கொண்டை ஊசி வளைவு எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 2.3 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் முந்துவதற்கு உகந்த இடங்கள் மிகச் சில. இடித்து உள்ளே நுழைவதா, இடி வாங்காமல் ஒதுங்கிப் புள்ளியைக் காப்பதா என்று கணப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும்.

இந்தத் தீர்மானத்தில்தான் ஷ்னைடர் மற்றவர்களைவிட ஒருபடி மேலே நின்றார் என்பது எமது கருத்து. 2006ஆம் ஆண்டுப் பட்டம் அதற்குச் சான்று. அந்தப் பருவத்தில் அவரைவிட அதிக பந்தயங்களை வென்றவர் அவரது சக அணியினரான புரூனோ ஸ்பெங்ளர். அவருக்கு 23 வயது, ஷ்னைடருக்கோ 42. வேகத்தில் இளையவரே முன்னால் நின்றார் என்று ஒத்துக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால் வெல்ல முடியாத நாட்களில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் காரைக் கோடு கடத்திப் புள்ளி சேர்த்த மூத்தவருக்கே பட்டம் போயிற்று. ஐந்து பட்டங்களிலும் இதையே சிறந்ததென்போம். 1995இல் கையில் மிகச் சிறந்த கார் இருந்தது, 2006இல் அதே வகைக் காரில் தம்மைவிட வேகமான ஓர் இளைஞனும் இருந்தான்.

கேள்வி: லே மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஆகாயத்தில் பறந்ததே, அதை ஓட்டியது ஷ்னைடரா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அல்ல. 1999இல் சி.எல்.ஆர். என்ற மூன்று கார்கள் சென்றன. மார்க் வெப்பரின் கார் வியாழக்கிழமைத் தகுதிகாண் சுற்றில் ஒரு தடவையும், சனிக்கிழமை காலை முன்னோட்டத்தில் மறுதடவையும் தலைகீழாகப் புரண்டது. பந்தயத்தில் பீற்றர் டம்பிறெக்கின் கார் பாதுகாப்பு வேலிக்கு மேலாகப் பறந்து, மரங்களுக்கிடையே போய் விழுந்தது. உயிருக்கு ஆபத்து ஏற்படாதது பெரும் அதிர்ஷ்டம். ஷ்னைடர், பிராங்க் லகோர்ஸ், பெட்ரோ லாமி ஆகியோரின் மூன்றாவது காரை அணி உடனே திருப்பி அழைத்துக்கொண்டது. முன்னும் பின்னும் நீண்டு, சில்லுகளுக்கிடையிலான தூரம் குறுகியிருந்த அக்கார், வேறொரு காரின் பின்னால் நெருங்கி ஓடும்போது மூக்கின் மீதான காற்றழுத்தத்தை இழந்தது. அந்த நேரத்தில் பாதையில் மேடொன்று வந்தால், காற்று காரின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிட்டது.

லே மான் ஷ்னைடருக்கு ஒருபோதும் கைகொடுக்கவில்லை. 1998இல் அங்கே மிகவேகமான தகுதிகாண் நேரத்தைப் பதிவுசெய்து முதலிடத்திலிருந்து புறப்பட்டும், சில மணித்தியாலங்களிலேயே மெர்சிடிஸின் இரண்டு கார்களும் எஞ்சின் கோளாறால் நின்றன. மற்ற ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயங்களில் நிலைமை வேறு. 1997இல் சி.எல்.கே. ஜி.டி.ஆர். காரோடு எஃப்.ஐ.ஏ. ஜி.டி. என்ற சர்வதேச ஸ்போர்ட்ஸ் கார்த் தொடரின் சம்பியன் ஆனார். அடுத்த வருடம் வெப்பரோடு சேர்ந்து ஓட்டி இரண்டாமிடத்தில் நின்றார். பட்டம் கிளவுஸ் லுட்விக், ரிக்கார்டோ ஸொன்டா இணைக்குப் போயிற்று.

கேள்வி: ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓட்டினார் என்கிறார்களே?
– வாசகர், வத்தளை

பதில்: ஓட்டினார் என்பதோடு நில்லாமல் வென்றும் காட்டினார். 2013இல் எஸ்.எல்.எஸ். ஏ.எம்.ஜி. ஜி.டி.3 காரில் ஜனவரியில் டுபாய் 24 மணித்தியாலம், பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணித்தியாலம், மே மாதத்தில் நியூர்பேர்க்ரிங் 24 மணித்தியாலம், ஜூலையில் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணித்தியாலம் என நான்கு நெடும்பந்தயங்களை வெவ்வேறு இணைச்சாரதிகளோடு வென்றார். ஸ்பாவில் வென்றபோது அவருக்கு 49 வயது நிரம்பி ஒரு வாரமே ஆகியிருந்தது.

இவை கூட்டு வெற்றிகள் என்பதால் டி.டி.எம். பட்டங்களோடு ஒப்பிடக்கூடாது என்பாரும் உண்டு. எமக்கு அது உடன்பாடில்லை. நெடும்பந்தயத்தில் ஒரு சாரதி செய்யும் வேலையில் பாதி, மற்றவருக்காகச் செய்வதே. எரிபொருள் நிரப்ப கார் நின்றதும், இறங்குபவர் தமது இருக்கைத் திண்டை இழுத்தெடுத்து, ஏறுபவரின் தோள்பட்டிகளை இறுக்கி, வானொலிக் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் மாட்டிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தள்ளி நிற்பார். டயரின் நிலை, எந்த வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, பிரேக் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் காதருகே கத்திச் சொல்ல வேண்டும். காரைத் தமக்கு மட்டும் பிடித்த மாதிரி அமைத்துக்கொள்ளும் உரிமையும் அங்கே எவருக்கும் இல்லை.

நியூர்பேர்க்ரிங்கில் ஒரு சுற்று 25 கிலோமீற்றருக்கும் அதிகம். அவ்வருடம் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டதால், இரவில் சிவப்புக் கொடி காட்டப்பட்டு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலங்கள் பந்தயம் நிறுத்தப்பட்டது. காலையில் ஈரப் பாதையில் மீண்டும் தொடங்கியபோது, யெரோன் பிளீக்கமோலன், ஷோன் எட்வேர்ட்ஸ், நிக்கி தீம் ஆகியோருடன் ஷ்னைடர் பங்கிட்டு ஓட்டிய பிளாக் ஃபால்கன் அணியின் கார், அந்த 24 மணித்தியாலப் பந்தயத்தில் மெர்சிடிஸுக்கு முதலாவது வெற்றியைப் பெற்றுக்கொடுத்தது.