விரிவாகத் தேடினேன் என்றால் போதாது

அன்புள்ள ஐயா,

நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். நம் கடற்கரை மணலின் கதிர்வீச்சைப் பற்றி எங்கள் டாக்டர்கள் எழுதும் ஆய்வுத் தொகுப்புக்குக் கட்டுரைகள் தேடிக் கொடுத்தேன். அதை மருத்துவ நூலகர் மாநாட்டில் சொல்ல ஆசை. பேச்சா, போஸ்டரா, எது நல்லது? நான் வெறும் நூலகர்தான், என் இங்கிலீஷும் சுமார்தான். சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போஸ்டரே போடுங்கள், நின்று கேட்பவரோடு பேசலாம். இங்கிலீஷைப் பற்றிய கவலையை விடுங்கள். ஆனால் 'வெறும் நூலகர்' என்று இனி எழுதாதீர்கள். அமெரிக்காவில் மருத்துவ நூலகர் சங்கத்தை 1898இல் தொடங்கியவர்கள் நாலு நூலகர்களும் நாலு டாக்டர்களும். அன்றைக்கே சரிசமமாகத்தான் உட்கார்ந்தார்கள்.

என் கோபமெல்லாம் உங்கள் சுருக்கத்தின் ஒரு வரி மேல்: 'பப்மெட்டில் விரிவாகத் தேடப்பட்டது.' மருத்துவக் கட்டுரைகளின் அந்த இணையத் தரவுத்தளத்தில் என்ன சொல் போட்டீர்கள்? எந்தத் தேதியில்? இது இல்லாமல் மாநாட்டுக்கு வருகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார்?

நம் மாவட்டத்தைத் தேடுவது லேசுப்பட்ட வேலையா? ஆங்கிலத்தில் கன்னியாகுமரியை ஒரே 'என்' போட்டு எழுதுகிறார்கள், இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், அதிலும் 'ஒய்' இருக்கும், இல்லாமலும் இருக்கும். கேப் காமரின் என்ற பழைய ஆங்கிலப் பெயரையும் விட முடியாது. 1956 நவம்பர் 1க்கு முன் இது திருவிதாங்கூர், கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி, ஆகவே பழைய கட்டுரைக்கு அந்தப் பெயரும் வேண்டும். சிலர் ஊரையே சொல்லாமல் 'தென்மேற்குக் கடற்கரை' என்று நிறுத்திவிடுவார்கள். அதற்காகத்தான் மணல் எடுக்கும் ஊரான மணவாளக்குறிச்சி, அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமம், அதிலிருக்கும் கதிரியக்கத் தனிமமான தோரியம் மூன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இத்தனையையும் நீங்கள் யோசித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?

அடைப்புக்குறியில் கவனம். பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். 'ஆண்ட்' போட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும், 'ஆர்' போட்டால் ஏதாவது ஒன்று போதும். 'கதிர்வீச்சு ஆண்ட் கன்னியாகுமரி ஆர் திருவிதாங்கூர்' என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டால், திருவிதாங்கூர் என்ற சொல் வரும் எல்லாக் கட்டுரையும், அம்மை நோய் பற்றியதானாலும், கூடவே வந்து நிற்கும். ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரே அடைப்புக்குள் 'ஆர்' போட்டு வையுங்கள், நோயையும் கதிர்வீச்சையும் தனித்தனி அடைப்பில். சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து மீதியைப் பிடிக்கப் போடும் நட்சத்திரக்குறிக்கு முன் நாலு எழுத்தாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. மெஷ் சொல்லை, அதாவது கட்டுரைகளுக்கு ஒரே சீராக இடும் பொருள் தலைப்பை, மட்டும் நம்பாதீர்கள், பப்மெட்டில் எல்லாப் பதிவுக்கும் மெஷ் போட்டிருக்காது. அதே கருத்தைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் சாதாரணச் சொல்லாகவும் தேடுங்கள்.

போஸ்டரில் பாதி இடம் தேடல் வரிகளுக்குத்தான். வரிக்கு வரி எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பதிவு கிடைத்தது, எந்தத் தேதியில், எந்த வரம்பு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் என்ற வழிகாட்டிப் பட்டியல், தேடலைப் பதிவுசெய்ய 16 அம்சங்கள் சொல்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே கட்டுரை இரண்டு தரவுத்தளத்தில் வந்தால் எந்த மென்பொருளில் கழித்தீர்கள் என்பதும் அதில் வரும், பலர் விடுவது அதைத்தான்.

கிளம்புவதற்கு முன் வேறொரு நூலகரிடம் அந்த வரிகளைக் கொடுங்கள். எழுதியவர் கண்ணில் படாத எழுத்துப் பிழையும் விட்டுப்போன அடைப்புக்குறியும் அடுத்தவர் கண்ணில் பட்டென்று படும். பிழை இருந்தால் திருத்தி மறுபடி தேடி, தேதியையும் மாற்றுங்கள். டாக்டர்களின் கட்டுரையில் தேடல் பற்றிய பத்தியையும் நீங்களே எழுதிக் கொடுத்து, ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயரைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்.