41 வயதில், வீட்டுக் கடனோடு எம்.டி. சேரலாமா?

எம்.டி.க்காக இன்னொரு கடன் வாங்காதீங்க டாக்டர். குடும்ப மருத்துவத்தில் என்.பி.இ.எம்.எஸ். (தேசிய மருத்துவத் தேர்வு வாரியம்) நடத்தும் டிப்ளமோவை முதலில் பாருங்க. 2 வருஷம்தான், உதவித்தொகையும் உண்டு. இதற்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கு உச்ச வயது வரம்பு இல்லை, அதனால் 41 ஒரு தடையே அல்ல.

உங்களைத் தடுப்பது கட்டணத்தைவிட, படிக்கும் காலத்தில் நின்றுபோகும் கிளினிக் வருமானம்தான்னு நினைக்கிறேன். எனக்கும் அங்கேதான் இடித்தது.

இப்படிச் செய்து பாருங்க. 3 மாதம் உதவித்தொகை அளவு பணத்தில் மட்டும் வீட்டை நடத்துங்க, கடன் தவணை உட்பட. மாதம் துண்டு விழும் தொகையை 24-ஆல் பெருக்குங்க. அவ்வளவு சேமிப்பு இருந்தால் தைரியமாகச் சேருங்க. இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்க. நீங்க இரவுப் பணியில் இருக்கும்போது இரண்டு பிள்ளைகளையும் அவங்கதான் தனியாகப் பார்க்கணும்.

பாதியில் விலகினால் அபராதம் கட்ட நேரலாம். அந்த விதியைச் சேரும் முன்பே படிச்சிடுங்க.