கால்குலஸ் த்ரீயை ட்ராப் பண்ணலாமா என்று கேட்ட கோத்தகிரி தம்பிக்கு

தம்பி, பிளஸ் டூ கணக்கில் 96 வாங்கியவன், கனடாவில் சிவில் இரண்டாம் வருஷம், கால்குலஸ் த்ரீ என்ற பல மாறிகள் உள்ள நுண்கணிதத்தில் முதல் மிட்டெர்மில் 38, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, ட்ராப் பண்ணிடலாமா அக்கா என்று கேட்டிருந்தாய். நான் லீவில் குன்னூர் வந்திருக்கிறேன். அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எதிரே தேயிலைச் சரிவு. உனக்குச் சொல்ல வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் ட்ராப் விஷயம். ஸ்டடி பெர்மிட்டில் இருக்கும் நீ ஒரு கோர்ஸை விட்டு, அந்த டெர்மில் ஃபுல்டைம் என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், படிப்பு முடிந்து வொர்க் பெர்மிட் கேட்கும்போது அது தடையாக வந்து நிற்கலாம். இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ் ஆபீஸில் நேரில் கேட்காமல் எதையும் விடாதே.

சரி, கணக்கு. பகுதி வகைக்கெழு நம் பிளஸ் டூ புத்தகத்திலேயே உண்டு. ஒய்யை மாறிலியாக வைத்துக்கொண்டு எக்ஸைப் பொறுத்து வகையிடு, அவ்வளவுதான், உன் கை அதைத் தானாகச் செய்யும். கனடாவில் கேட்பது வேறு. இந்தப் புள்ளியில் நிற்கிறாய், எந்தப் பக்கம் நடந்தால் உயரம் மாறாது, எந்தப் பக்கம் ஏற்றம் அதிகம் என்பார்கள். நானும் சூத்திரங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் முதல் மிட்டெர்மில் பாதிப் பேப்பரை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தவள்தான், அதனால் உன் 38 எப்படி வலிக்கும் என்று தெரியும்.

நம் ஊர்த் தேயிலையை நினைத்துப் பார். மண் அரிக்காமல் இருக்க வரிசைகளைச் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் நட்டிருப்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசையோடு போகும்போது மூச்சு வாங்காது, நிறைந்த மூட்டையோடு வரிசைகளை வெட்டி நேராக மேலே ஏறும்போதுதான் முழங்காலில் கை ஊன்றுவார்கள். வரிசைதான் சமஉயரக் கோடு. அதற்குச் செங்குத்தாக மேலே போகும் அந்தத் திசைதான் கிரேடியண்ட். வேறு எந்தத் திசையில் நடந்தாலும் ஏற்றம் என்பது கிரேடியண்டின் அளவை, அதற்கும் நீ நடக்கும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைப்பது.

அப்புறம் நம் மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் வைத்து ஏறுகிறதே, அந்தப் பாதையின் ஏற்றம் அதிகபட்சம் 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரம். மலை ஓரிடத்தில் 2-க்கு 1 சரிவு என்று வைத்துக்கொள். பாதைக்கு வேண்டியது 1/12, மலையிடம் இருப்பது 1/2, ஆக கொசைன் 1/6, கோணம் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அதாவது தண்டவாளம் கிட்டத்தட்ட தேயிலை வரிசையோடேயே போக வேண்டும், 10 டிகிரிகூட விலக முடியாது! 1899-ல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்த அந்தப் பாதை ஏன் மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது எனக்குக் கனடாவில் ஒரு அசைன்மென்ட் போடும்போதுதான் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

லக்ராஞ்ச், அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்று உச்சத்தைத் தேடும் முறை, சுத்தமாகப் புரியவில்லை என்றாயே, அதுவும் இதுதான். மலைமேல் ஒரு ரோடு போகிறது, ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, ரோட்டில் மிக உயரமான இடம் எது? ரோடு ஒரு சமஉயரக் கோட்டை வெட்டிக்கொண்டு போனால், ஏதாவது ஒரு பக்கம் இன்னும் ஏற்றம் இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே அது உச்சி இல்லை. உச்சியில் ரோடு கோட்டை வெட்டாமல் தொட்டுக்கொண்டு போகும். தொடும் இடத்தில் இரண்டுக்கும் செங்குத்துத் திசை ஒன்றே, அளவுதான் வேறு. அந்த அளவு விகிதம்தான் லக்ராஞ்ச் சமன்பாட்டில் வரும் லாம்டா. இதைப் பேப்பரில் நாலு கோடு போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சமன்பாட்டைத் தொடு. சேடில் பாயிண்ட்டும் நீ பார்த்ததுதான், இரண்டு குன்றுக்கு நடுவே உள்ள கணவாய்.

இன்னொன்று, ஆபீஸ் அவர்ஸ். ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் திட்டு விழப்போகிறது என்று அர்த்தம், அந்தப் பயத்தில் நான் முதல் ஆறு வாரம் போகவே இல்லை. அது வாத்தியார் உனக்காகவே ஒதுக்கி வைத்துக் காத்திருக்கும் நேரம். புரியவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், பாதி போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போய், இந்த வரியில் நிற்கிறேன் என்று காட்டு. பரீட்சையிலும் படிகளுக்கு மார்க் உண்டு, படம் வரைந்து யோசித்ததை எழுது, வெறுமையாக விடாதே. அசைன்மென்ட்டை மட்டும் நண்பனுக்குக் காப்பியடிக்கக் கொடுக்காதே, ரெக்கார்ட் நோட்டு மாதிரி இல்லை, அங்கே கொடுத்தவன் மேலும் நடவடிக்கை வரும்.

இந்த வாரமே போ. லக்ராஞ்சில் நீ நின்றுபோன கணக்கை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு, மாசக் கடைசி வரை இங்கேதான் இருக்கிறேன், படம் போட்டு அனுப்புகிறேன்.