கால்பந்துப் போட்டி நாட்களில் தெருவில் குடிப்பவர்களிடம் போலீஸ் கடுமை காட்டினால் கலவரம் குறையுமா?

பெரும்பாலும் குறையாது. 2004 யூரோ கோப்பையின்போது போர்ச்சுகலில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம்.

போட்டி நடந்த பெரும்பாலான நகரங்களைக் கவனித்தது பி.எஸ்.பி. என்ற காவல்துறை. கிளிஃபோர்ட் ஸ்டாட், ஓட்டோ ஆடாங் ஆகிய ஆய்வாளர்களின் யோசனைப்படி, கலவரத் தடுப்புப் படையைக் கண்ணில் படாமல் நிறுத்திவிட்டு, சாதாரண சீருடைக் காவலர்களை ரசிகர்களிடம் பேச அனுப்பினார்கள். சதுக்கங்களில் பீர் குடித்து, பாட்டுப் பாடிக்கொண்டிருந்த இங்கிலாந்து ரசிகர்களை அப்படியே விட்டார்கள். அங்கே பெரிய மோதல் எதுவும் நடக்கவில்லை. அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரோ, இந்த முறையைப் பின்பற்றாத ஜி.என்.ஆர். என்ற வேறொரு படையின் பொறுப்பில் இருந்தது. அங்கேதான் இரவுகளில் கலவரம் வெடித்தது. ரசிகர்கள் அதே நாட்டுக்காரர்கள், மதுவும் அதேதான்!

காரணம் இதுதான். கூட்டத்தில் வம்புக்கு அலைபவர்கள் சிலர்தான். எல்லோர் மீதும் தடியடி விழுந்தால், சும்மா நின்றவர்களும் அந்தச் சிலரோடு சேர்ந்துவிடுகிறார்கள். ‘இது நமக்கு எதிரான போலீஸ்’ என்ற எண்ணம் அவர்களை ஒன்றாக்குகிறது. அப்புறம் வம்பு செய்பவனைத் தடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

பாட்டிலை வீசுபவனைப் பிடிப்பது அவசியம், அதில் தயக்கமே வேண்டாம். பக்கத்தில் கோப்பையோடு நிற்பவனையும் சேர்த்து அடிப்பது அநியாயம்.