பொறைக்காகத்தான் உட்காருகிறதா?

அன்புள்ள அண்ணா,

அப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சாயங்காலம் குடியாத்தத்தில் பஸ் இறங்கி வீட்டுக்கு வரும்போது எங்கள் நாய் மணிக்கு டீக்கடையில் ஒரு பொறை வாங்கிவருவார். அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. அந்த நேரமானால் மணி இன்னும் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. "எல்லாம் பொறைக்காகத்தான், விசுவாசமாவது மண்ணாவது" என்கிறான் தம்பி. எனக்குக் கோபம் வருகிறது, பதில் சொல்லத் தெரியவில்லை.

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தம்பி கேட்டது பழைய கேள்விதான். டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்தில் தன் பேராசிரியருக்காகக் காத்திருந்ததே ஹச்சிகோ என்ற நாய், அதையும் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். அவர் இறந்தது 1925 மே மாதம். நாய் 1935 மார்ச்சில் சாகும்வரை நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே கிடைக்கும் கோழிக்கறிக்காக வருகிறது என்றார்கள். கறி கிடைத்தது உண்மைதான். ஆனால் 1932இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் ஊர் அதைக் கொண்டாடியது. அதுவரைக்கும் பெரும்பாலும் விரட்டுத்தான்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் நாய்களை ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார். (நம்மில் பாதிப் பேர் அதில் படுக்கமாட்டோம்.) தீனி வரப்போகிறது என்று தெரியும்போதும், வளர்ப்பவர் பாராட்டப்போகிறார் என்று தெரியும்போதும் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். 2016இல் வந்த அந்த ஆய்வில் இருந்தவை 15 நாய்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலவற்றுக்குப் பாராட்டு ஒரு படி மேல்.

தீனியா பாசமா என்று பிரித்துப் பார்ப்பது நாம்தான். லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு ஓடிய பிள்ளையை, முறுக்குக்கா பாட்டிக்கா என்று யாரும் விசாரித்ததில்லை.

நம்ம பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூர். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989இல் பிரிக்கும்வரை நம்ம வட ஆற்காடு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் அங்கே ஒரு நடுகல் எடுத்தார்கள். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கானது. கூடவே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் போட்டு, கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்று தனியாக எழுதியும் வைத்தார்கள். எத்தனையோ பேர் பெயர் எந்தக் கல்லிலும் ஏறாத காலம் அது. கோவிவனுக்கும் யாரோ தினம் சோறு போட்டுத்தான் இருப்பார்கள். கல் வெட்டியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

சரி, மணிக்கு வருவோம். இழுத்துவந்து கட்டிப்போடாதீர்கள். மாற்றமாக இருக்கட்டும் என்று வேறு வீட்டுக்கும் அனுப்பாதீர்கள், அது இருக்கிற கலக்கத்தைக் கூட்டும். சாப்பாட்டு நேரம் மாறவேண்டாம். சாயங்காலம் தம்பியையே நடக்கக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வாயாடுகிறவர்கள்தான் இந்த வேலையில் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம், சாப்பிடாமல் முடங்கிக் கிடந்தால் ஏக்கம் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்புக்கு முடியாத நாயும் அப்படித்தான் கிடக்கும்.