கடைசி பெஞ்சில் இருப்பவளின் கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து மலையாள மீடியத்துக்கு மாறி, வகுப்பில் யாரோடும் ஒட்டாமல் தனித்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதி வருகிறேன். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் இணைத்துள்ளேன். படித்தவர்கள் 'இதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லையே' என்கிறார்கள். 16 வயதில் நாவல் எழுத முனைவது அதிகப்பிரசங்கித்தனமா?
– பிளஸ் ஒன் மாணவி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்).

பதில்: வயதைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். அமெரிக்காவின் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்த எஸ்.இ. ஹிண்டன், தன் வயதுப் பிள்ளைகளின் உண்மையான வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்ற ஆதங்கத்தில் 15 வயதில் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்', 1967-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. பையன்களின் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகத்தார் தயங்கியதால்தான் அவர் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. அந்நாவலில் கொலையும் தீ விபத்தும் உண்டு. எனினும் என் மனத்தில் நிற்பது, ஏழை வீட்டுப் பையனும் வசதியான வீட்டுப் பெண்ணும் தாங்கள் பார்ப்பது ஒரே அந்திச் சூரியனைத்தான் என்று உணரும் இடமே.

உங்கள் முதல் அத்தியாயத்திலும் அப்படியோர் இடம் இருக்கிறது. பெயர் கூப்பிட்டதும் பழைய பள்ளியின் பழக்கத்தில் அவள் 'உள்ளேன் டீச்சர்' என்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. இதைவிடப் பெரிய சம்பவத்தை ஏன் தேட வேண்டும்? ஆனால் நீங்கள் நான்கே வரிகளில் அதைக் கடந்துவிட்டீர்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம் கேட்டு வளர்ந்த எல்லைப்புறப் பெண்ணுக்கு அந்த மொழி புரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் தமிழ் வாடை வந்துவிடுமே என்பதுதான் அவளுடைய பயம். சொல்வதெழுதுதல் என்று அவள் அறிந்திருந்தது இங்கே 'கேட்டெழுத்து' ஆகிறது. தமிழில் ஒரே 'க' போதும். மலையாளத்திலோ அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் நிற்கின்றன. காதில் விழுந்த சொல்லுக்கு எந்த எழுத்து என்று தெரியாமல் பேனாவை நிறுத்தும் அந்த நொடியை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். பள்ளியில் 'பாண்டி' (தமிழ்க்காரி) என்று கேலி செய்யப்படுபவள், பொள்ளாச்சியில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் 'மலையாளத்துப் பொண்ணு' ஆகிவிடுவதையும் விட்டுவிடாதீர்கள். அவளுடைய தனிமை பள்ளிக்கூட வாசலோடு முடிவதில்லை என்பதை அந்தக் கல்யாணப் பந்திதான் காட்டும்.

இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. சிரித்த பெண்ணை முழுக்கக் கொடியவளாக ஆக்கியிருக்கிறீர்கள். அவளுக்கும் ஒரு வீடும், வீட்டில் ஒரு கவலையும் இருக்கட்டும். அடுத்தது, ஆண்டு விழா மேடையில் நாயகி மலையாளத்தில் பேச, எல்லோரும் எழுந்து கைதட்டும் முடிவு. உங்கள் முதல் அத்தியாயத்தில் இருந்த உண்மை அங்கே இல்லை. கேட்டெழுத்தில் பத்துக்கு ஆறு வாங்கிய தாளை அவள் யாரிடமும் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைக்கும் காட்சி, கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: இப்படித் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளின் கதைகளை 13, 14 வயதினருக்குக் கொடுப்பது அவர்களுடைய வருத்தத்தைக் கூட்டிவிடாதா?
– ஆசிரியர், வேலந்தாவளம்.

பதில்: கொடுங்கள், ஐயா. வருத்தம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அது முன்பே அந்தப் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அப்படியொரு கதையை வகுப்பில் வாசித்துவிட்டு, 'நம்மில் யார் இப்படி?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பிவிடும். நூலக அலமாரியில் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். எடுத்துச் சென்ற பிள்ளை திருப்பித் தரும்போது, அடுத்து என்ன புத்தகம் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை தானாகவே ஏதாவது சொல்லத் தொடங்கினால், மணி அடித்தாலும் இருந்து கேளுங்கள்.